ஆற விடாத சாய்ரகான்

சாய்ரகானுக்கு உலகத்தில் பிடிக்காத ஒரே விஷயம் ஆறிப்போவது. டீ ஆறக் கூடாது, ரொட்டி ஆறக் கூடாது, நோயாளியின் பாதம் சில்லிடக் கூடாது. அட்-பாஷிப் பள்ளத்தாக்கின் கடைசிக் கிராமமான எங்கள் ஊருக்கு அவள்தான் நர்ஸ், அவள்தான் டாக்டர், பிரசவம் பார்ப்பவளும் அவளே. புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவன் விட்டுப்போன பழைய ஜெர்மன் காரைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். குளிர்காலம் வந்தால் பானட்டின் மேல் தடித்த கம்பளியைப் போர்த்தி, "தூங்குடா ராசா" என்று தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

அந்த ராசாதான் இந்த வருஷம் அவள் மானத்தை வாங்கினான். காலையில் சாவியைத் திருப்பினால் இஞ்சின் உடனே பிடிக்கும். உறுமும், தணியும், திரும்ப உறுமும், விக்கும், அப்படியே அணைந்துவிடும். மன்றாடி மன்றாடிச் சூடாக்கினால்தான் நகரும். மேய்ச்சல்காரன் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் தலைக்கேறிய அன்றும் முற்றத்திலேயே நின்று தொலைத்தது. அவள் போய்ச் சேர்வதற்குள் குழந்தைக்கு வலிப்பு வந்து ஓய்ந்திருந்தது. பிழைத்துக்கொண்டது, சரிதான். ஆனால் அடுத்த முறை?

டவுனில் இருக்கும் சகினாலி உஸ்தாவிடம் வண்டியைக் கொண்டுபோனாள். கைதேர்ந்த மெக்கானிக்கை உஸ்தா என்றுதான் கூப்பிடுவோம். மனைவியை இழந்த மனிதர், வாய்த்துடுக்கு அதிகம். ஆனால் மலைப்பாதையில் அவ்வளவு தூரம் ஓடிக் கொதித்து வந்த கார், அவர் முன்னால் பூனைக்குட்டி மாதிரி விக்காமல் சாதுவாக நின்றது. இஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரை மாற்றிப் பார்த்தார். மறுநாள் காலை பழைய விக்கல். திரும்பக் கொண்டுபோனாள். வண்டி நிற்கும்போது இஞ்சினுக்குக் காற்று விடும் ஐடில் வால்வைக் கழற்றிக் கரியைத் துடைத்துக் கொடுத்தார். அதற்கும் மறுநாள் அதே விக்கல்.

பக்கத்து வீட்டுக் குலிஜானுக்குக் கேட்கவா வேண்டும்?

"ஏன்க்கா, நோய் வண்டிக்கா உனக்கா? உஸ்தாவ பாத்ததும் ரெண்டுக்கும் சரியாப்போயிடுதே!"

"போடி, உன் வாயில ஊசி போட!"

கடைசியில் அந்தக் காலை விக்கலை நேரில் பார்க்க உஸ்தாவே கிராமத்துக்கு வருவதாகப் போன் செய்தார். சாய்ரகான் விடிந்ததிலிருந்து பம்பரமாகச் சுழன்றாள். போர்சோக் மாவுத் துண்டுகளை எண்ணெயில் பொரித்துக் குவித்தாள், சமோவாரில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். அப்புறம் முற்றத்துக்கு ஓடி, காரோடு மல்லுக்கட்டி, அதையும் நன்றாகச் சூடாக்கி வைத்தாள்.

உஸ்தா வந்தார். பானட்டில் கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார்.

"யாரு இதச் சூடாக்கினது?"

"நான்தான். மெனக்கெட்டு வர்ற விருந்தாளி முன்னால ஆறிப்போனத நிறுத்துவாங்களா?"

"அடக் கடவுளே! ஏன் நர்சம்மா, காய்ச்சல எறக்கிட்டு நோயாளியக் கூட்டிட்டு வந்து, இவனுக்கு என்ன காய்ச்சல்னு கண்டுபிடின்னு சொன்னா நீங்க கண்டுபிடிப்பீங்களா?"

சாய்ரகானுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாளாகத் தன் உபசாரமே நோயை மறைத்து வந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"ராத்திரி வெளியிலேயே கெடக்கட்டும். கம்பளி கிம்பளின்னு எதையும் போத்தக் கூடாது" என்றார் உஸ்தா. அதற்குள் பனி கொட்டிப் பாதையும் மூடிக்கொண்டது. குலிஜானின் புருஷன் அவரைத் தன் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டான். சாய்ரகான் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தபடியே இருந்தாள். பாவி மனுஷன், பெத்த பிள்ளையைப் பனியில் போடச் சொல்கிறானே என்று மனசுக்குள் திட்டினாள்.

காலையில் இஞ்சின் மேல் உறைபனி பூத்திருந்தது. சாவியைத் திருப்பியதும் உறுமியது, விக்கியது, அணைந்தது. உஸ்தாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"இதத்தான் பாக்க வந்தேன்!" என்று சொல்லிவிட்டு, கையால் ஆக்ஸிலரேட்டர் கம்பியை லேசாக இழுத்துப் பிடித்து இஞ்சினை உயிரோடு வைத்துக்கொண்டு குனிந்தார். எங்கோ சீறும் சத்தம் கேட்டது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்து சாய்ரகான் தட்டில் மலையில் வளரும் ஆர்ச்சா மரத்துத் தழையைப் புகைய விட்டுக்கொண்டு வந்தாள். கண் திருஷ்டி கழிக்க எங்கள் வீடுகளில் எல்லாரும் போடுகிற புகைதான்.

"பேயா பிடிச்சிருக்கு? அந்தாண்ட கொண்டுபோங்க நர்சம்மா!"

"உங்க வேலைய நீங்க பாருங்க, என் வேலைய நான் பாக்குறேன்."

இஞ்சினைச் சுற்றித் தட்டைக் காட்டினாள். புகை எல்லா இடத்திலும் மேலே எழும்பியது. ஓர் இடத்தில் மட்டும் வளைந்து, ஒரு ரப்பர் குழாயின் அடிப்பக்கம் போய் மறைந்தது.

"உஸ்தா! இங்க பாருங்க, புகைய உள்ள இழுக்குது!"

அவர் எட்டிப் பார்த்தார். தலைமுடி அளவு விரிசல். குளிரில் ரப்பர் விறைத்தால் அது வாயைத் திறக்கும், வேண்டாத காற்று உள்ளே போகும், பெட்ரோல் போதாமல் இஞ்சின் மூச்சுத் திணறும். சூடேறி ரப்பர் இளகினால் வாயை மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்! உஸ்தா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாளையிலேர்ந்து என் கடையிலயும் ஆர்ச்சாப் புகைதான்!"

டிக்கியில் கொண்டுவந்திருந்த குழாய்களில் பொருத்தமான ஒன்றை மாட்டினார். "ஆனா இன்னும் ஒரு ராத்திரி பனியில கெடக்கணும். ஆறின வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாத்தான் நிச்சயம்" என்றார். மத்தியானமே பாதை திறந்துவிட்டது என்று குலிஜான் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை குலிஜான் வீட்டிலிருந்து எழுந்து வந்தவருக்கு சாய்ரகான் டீ ஊற்றினாள். கோப்பையில் பாதிதான். எங்கள் பக்கத்தில் நிரப்பிக் கொடுத்தால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். பாதி ஊற்றினால் இரு, இன்னும் ஊற்றுகிறேன் என்று அர்த்தம். விருந்தாளி தன் கையால் ஊற்றிக்கொள்வது என்ற பேச்சே கிடையாது. அது அந்த வீட்டுக்காரர்கள் செய்கிற வேலை.

அவர் ஒரு வாய் குடிப்பதற்குள் போன் அடித்தது. மேட்டுப் பண்ணையில் கிழவருக்கு நெஞ்சுவலி.

சாய்ரகான் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பானட்டில் பனி ஒரு சாண். சாவியைத் திருப்பினாள். இஞ்சின் பிடித்தது. உறுமவில்லை, விக்கவில்லை. ஒரே சீராக நின்று பாடியது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியை இறக்கி, வாசலுக்கு வந்துவிட்ட மனிதரைப் பார்த்துக் கத்தினாள்.

"சமோவார் சூடா இருக்கு! நீங்களே ஊத்திக் குடிங்க!"

வேலிக்கு அந்தப்பக்கம் பால் கறந்துகொண்டிருந்த குலிஜான் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். சாய்ரகான் வீட்டில், ஒரு விருந்தாளி, தானே ஊற்றிக் குடிப்பதா!

மத்தியானம் தாண்டித்தான் சாய்ரகான் திரும்பினாள். நேரத்துக்குப் போய்விட்டாள், கிழவருக்கு ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும் வரை கூடவே இருந்தாள். போகிறபோது அவர் அவளைத் திட்டிக்கொண்டே போனார், அவ்வளவு தெம்பு. காரை நிறுத்தினாள். கம்பளியை எடுக்கப் போய், வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

உள்ளே சமோவார் ஆறாமல் இருந்தது. சகினாலி அதன் பக்கத்தில், அவள் எப்போதும் உட்கார்ந்து ஊற்றுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எப்படிப் போச்சு வண்டி?"

"தங்கம்" என்றாள்.

அவர் ஒரு கோப்பையில் டீ ஊற்றி அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். சாய்ரகான் குனிந்து பார்த்தாள். பாதிதான் ஊற்றியிருந்தார்.