நூற்று இருபதாவது வரியில் ஒரு தப்பு

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டேன் என்று எஸ்டேட் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் சுவரைப் பார்த்துப் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"ஏர்கோன் ரூமு, மேச, நாக்காலி எல்லாத்தையும் வுட்டுட்டு, ஒரு டிவிப் பொட்டிய வாங்கி வச்சிக்கிட்டு வேலைங்கிறா. இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சி."

"அது டிவி இல்லம்மா, கம்ப்யூட்டரு."

"படம் வருமா?"

"வராது."

"அப்ப டிவிய விட மட்டம்லா."

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலேசியாவில், ஈப்போ டவுனில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதற்குத் துணி போர்த்தி மூலையில் வைத்திருந்தார். யாரும் தொடவில்லை, நான் தொட்டேன். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதோடுதான். ஒரு வருஷம் கழித்து, செகண்ட் ஹேண்டில் எனக்கென்று ஒன்று வாங்கி, கடைவீட்டு மாடியில் என் வாடகை அறையில் வைத்துக்கொண்டு, "கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தரப்படும்" என்று படிக்கட்டில் அட்டை மாட்டினேன். எனக்கு என்ன திமிர் அப்போது!

முதலில் வந்தவர் கீழ்க்கடை தவுக்கே, சீன முதலாளி. மோட்டார் சாமான் கடை. எந்தச் சாமான் எந்த ராக்கையில் இருக்கிறது என்று கேட்டால் ஸ்கிரீன் சொல்ல வேண்டும். சொன்னது. ஆனால் எழுத்தெல்லாம் சிவப்பாக வேண்டும், சிவப்புதான் ஓங், அதிர்ஷ்டம் என்று அடம்பிடித்தார். என் ஸ்கிரீனுக்குத் தெரிந்த நிறம் பச்சை ஒன்றுதான். "தவுக்கே, பச்சைதான் கண்ணுக்கு நல்லது" என்று அடித்துவிட்டேன். அவரும் நம்பி, பெண்டாட்டியைக் கூட்டிவந்து பச்சை எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வைத்தார். அடுத்து ஒரு பல் டாக்டர். நோயாளிகளின் பெயர், நாள், நேரம், எந்தப் பல். அதுவும் நன்றாகவே ஓடியது.

இந்த வேலையில் எனக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்தால் காகிதம் கத்துகிற மாதிரி இருக்கும். ஐந்து வரிக்கு ஒரு தரம் ஒரு வெற்று வரி விடவேண்டும், இல்லாவிட்டால் கண் வழுக்கிப் பக்கத்து வரிக்குப் போய்விடும். சுற்றிலும் நட்சத்திரக் குறி போட்டு பார்டர் கட்டுவது எனக்கு அறவே பிடிக்காது. தேடுகிற விஷயம் இடது ஓரத்தில் இருக்கவேண்டும். இதையெல்லாம் கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு, "பார்டர் போட்டுக் குடுங்க" என்பார்கள்.

கோயில் வேலை அதன்பிறகுதான் வந்தது. அம்மா இருந்தது சிலிம் ரிவர் பக்கத்து எஸ்டேட்டில். ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு செம்பனை நட்டிருந்தார்கள். பால் எடுக்க மரம் வெட்டிய சனங்கள் பாதி டவுனுக்குப் போய்விட்டாலும், மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள். அன்றைக்கு ஒவ்வொரு குடும்பத்தையும் மைக்கில் கூப்பிட்டு, பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை நடக்கும். யாரை முதலில் கூப்பிடுவது என்று வருஷா வருஷம் ஒரு சண்டையும் நடக்கும்.

கோயில் தலைவர் பழைய மண்டோர், பால்மரம் வெட்டுகிறவர்களை மேய்த்தவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் போய், "இங்கிலீஷ் எழுத்து வரிசையில போட்டுடலாம் மாமா, கம்ப்யூட்டரே அடுக்கிடும், யாரும் கேள்வி கேக்க முடியாது" என்றேன். அவர் ஏ, பி, சி என்று விரல் விட்டார். அவர் பெயர் ஏ-யில்தான் ஆரம்பம்.

"அதான்லா ஞாயம்!" என்றார்.

அம்மா ஒரு கண்டிஷன் போட்டாள். திருவிழாவில் நாலு பேர் நல்லதாகச் சொன்னால் நான் இந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்தலாம். சிரித்தார்களென்றால் திங்கட்கிழமையே பழைய ஆபீசுக்குத் திரும்பிவிடவேண்டும். என் நாற்காலியை முதலாளி திங்கட்கிழமை வரைக்கும்தான் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். சரி என்று அம்மாவின் கையில் அடித்துக் கொடுத்தேன்.

நாற்பத்தாறு குடும்பம். பெயர்கள் ஒரு வரிசை, நட்சத்திரங்கள் ஒரு வரிசை. அம்மா பெயரைத்தான் முதலில் டைப் பண்ணினேன், பெற்றவளாயிற்றே. பிறகு பெயர்களை எழுத்துப்படி அடுக்க ஒரு வரி எழுதினேன். இரண்டு பெயரை ஒப்பிட்டுப் பார். வரிசை தப்பினால் இடம் மாற்று. அவ்வளவுதான்:

120 IF P$(I) > P$(J) THEN SWAP P$(I), P$(J)

பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று கத்தி முடித்ததும் காகிதத்தைக் கிழித்துப் பார்த்தேன். பெயர்கள் ஏ-யிலிருந்து வரிசை பிசகாமல் நின்றன. ஐந்துக்கு ஒரு வெற்று வரி, பார்டர் கிடையாது. அழகு! நானே என்னைப் பாராட்டிக்கொண்டு நாசி லெமாக் வாங்கிச் சாப்பிட்டேன்.

திருவிழா அன்று, "நீ போட்ட லிஸ்ட்டு, நீயே படிம்மா" என்று மாமா மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, அர்ச்சனைத் தட்டோடு முன்னால் போய் நின்றார். அவர் பெயரைப் படித்தேன். நட்சத்திரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பூசாரி என்னைப் பார்த்தார். மாமா தொண்டையைச் செருமி, "அவிட்டம்" என்று அவரே சொன்னார்.

இரண்டாவது பெயர். "அஸ்தம்" என்றேன்.

"இல்லையே, நான் பரணி."

மூன்றாவது, கேட்டை. "ஐயோ, அது எங்க மாமியாரு நட்சத்திரம்!" என்று அந்தக்கா அலறினாள். கோயிலே சிரித்தது.

லிஸ்ட்டை மேலிருந்து கீழே பார்த்தேன். பெயர்களை மட்டும்தான் இடம் மாற்றியிருக்கிறேன்! நட்சத்திரங்கள் நான் டைப் பண்ணின வரிசையிலேயே அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. முட்டாள், முட்டாள்! நாற்பத்தாறு குடும்பமும் இன்னொருத்தர் நட்சத்திரத்தோடு ஆத்தா முன்னால் நிற்கிறது.

"பேர மட்டும் படிக்கிறேன், நட்சத்திரத்த நீங்களே சொல்லிடுங்க" என்றேன்.

"அதெல்லாம் முடியாது! என்னா போட்டிருக்குன்னு அதையும் படிலா!" என்று பின்னாலிருந்து ஒரு அண்ணன் கத்தினார்.

படித்தேன். ஒவ்வொரு தப்பு நட்சத்திரத்துக்கும் ஒரு சிரிப்பு, கைத்தட்டல். "எனக்கு என் பொஞ்சாதி நட்சத்திரமாம்!" என்று ஒரு தாத்தா பொக்கைவாயால் சிரித்தார். முதல் மரியாதைச் சண்டை போட வந்தவர்கள்கூட அதை மறந்து, தங்களுக்கு என்ன விழுந்திருக்கிறது என்று கேட்கத் தட்டோடு முண்டினார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க, எனக்குத் திங்கட்கிழமை நெருங்கி வந்தது.

பாதிக்கு மேல் போனபோது அம்மாவின் பெயர் வந்தது. படித்தேன். வாய் அந்த வேகத்திலேயே அடுத்ததையும் படித்துவிட்டது.

"ரோகிணி."

யாரும் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு நட்சத்திரம் கிடையாது என்பது எஸ்டேட்டுக்கே தெரியும். அவளைப் பெற்றுப்போட்டதோடு அவள் தாய் போய்விட்டாள். தகப்பன் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் போய்த் திரும்பவில்லை. எந்த நாள், எந்த நேரம் என்று சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு வருஷமும் பூசாரி நட்சத்திரம் கேட்டால், "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வாள். நானும் அவள் பெயருக்கு நேரே வெறுமையாகத்தான் விட்டிருந்தேன். அந்த வெறுமைதான் மாமாவிடம் போயிருக்கிறது.

திருத்தலாம் என்று மைக்கை வாயருகே கொண்டுபோனேன். அதற்குள் பூசாரி திரும்பி, "ரோகிணி. சரியாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

அம்மா தட்டைப் பிடித்தபடி நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஆத்தாளைப் பார்த்தாள்.

"சரிதாங்க சாமி" என்றாள்.

பூசாரி அவள் பெயரையும் ரோகிணியையும் சேர்த்துச் சொல்லி அர்ச்சனை பண்ணினார். எனக்குக் கண்ணீர் வந்து அடுத்த பெயரைப் படிக்க முடியவில்லை.

எல்லாம் முடிந்தபின் அம்மாவிடம் போனேன். "சிரிச்சிட்டாங்கம்மா. சொன்ன சொல்லு மாற மாட்டேன். திங்கக்கெழம ஆபீசுக்குப் போறேன்."

"நீ ஆபீசுல போயி ஒக்காந்துட்டா அடுத்த வருசம் லிஸ்ட்ட யாரு போடுறது? மண்டோரா?" என்று சீறினாள். "மத்தவங்களுது எல்லாத்தையும் சரி பண்ணு. என்னுத மட்டும் தொட்டே, கையி இருக்காது."

ஒரு தேங்காய் மூடியை என் கையில் திணித்துவிட்டு, பந்தி வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்ற அக்காவின் தோளைத் தட்டினாள். அந்தக்கா ஒன்றுமே கேட்கவில்லை.

"நான் ரோகிணி" என்றாள் அம்மா.