நாலு மிதவையும் நாலு டயரும்

போன வாரம் என் மகனுடைய ரிமோட் வண்டிக்கு டயர் வாங்கினேன். மான்ஸ்டர் டிரக் என்று அதற்குப் பெயர். வண்டி இரண்டு சாண் நீளம்தான், ஆனால் டயர் ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை மறைக்கும். சிமெண்டுத் தரையில் ஓட்டி ஓட்டிப் பழைய டயரின் பல்லெல்லாம் மழுங்கிவிட்டது என்று பையன் மூன்று நாள் முரண்டு பிடித்தான். பெட்டியைப் பிரித்து, கட்டைவிரலால் ரப்பரை அழுத்தி, உள்ளே வைத்திருக்கும் ஸ்பாஞ்சு மெல்ல எழும்பி வருவதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பொம்மை டயரைப் பார்த்து வயிறெரிகிறவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. காசிமேட்டுக்கு வடக்கே கடலை ஒட்டிய குப்பத்தில் எங்கள் வீடு. அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான என் அத்தை. அம்மாவின் தம்பி, என் மாமா, பக்கத்துத் தெருவில் இருந்தார். அத்தைக்கும் அவருக்கும் தட்டு மாற்றி முடிந்துவிட்டது. ஆவணியில் கல்யாணம்.

மாமா கொஞ்ச நாள் கடலுக்குப் போவார், கொஞ்ச நாள் திருவொற்றியூரில் கண்டெய்னர் யார்டில் சரக்கு இறக்கப் போவார், பெரும்பாலும் எங்கேயும் போகமாட்டார். இன்றைக்கும் என் வாய் அவரை ‘அவர்’ என்றுதான் சொல்கிறது. பழக்கிவிட்டார்கள், என்ன செய்வது.

ஒரு நாள் யார்டிலிருந்து அவர் எனக்கு ஒரு மான்ஸ்டர் டிரக் கொண்டுவந்தார். உடைந்த அட்டைப்பெட்டியில் கிடைத்ததாம். சிவப்பு வண்டி. முன்பக்க மட்கார்டில் யாரோ நீலப் பெயிண்டைக் கொட்டியிருந்தார்கள். அது வழிந்து விளிம்பு வரை வந்து காய்ந்திருந்தது. ரிமோட் இருந்தது. பேட்டரி போட்டால் உயிர் வந்தது. டயர் மட்டும் இல்லை. ரிமோட்டை அழுத்தினால் வண்டி தரையில் வயிற்றை வைத்துக்கொண்டு, நாலு மூலையிலும் நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளை வெறும் காற்றில் சுற்றியது.

“டயரு எங்க மாமா?”

“அது வேற கப்பல்ல வருது கண்ணு. பாடி ஒரு கப்பல்ல வரும், டயரு ஒரு கப்பல்ல வரும். தோ, வெளிய நிக்குது பாரு, அதுல ஒண்ணுலதான் கீது.”

நம்பினேன். பள்ளிக்கூடம் விட்டதும் கரையில் கொட்டிய பாறை மேல் ஏறி நின்று, துறைமுகத்துக்கு வெளியே வரிசையாக நிற்கும் கப்பல்களில் எது உள்ளே போயிற்று என்று பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. இரண்டு வாரம் பார்த்தேன். எத்தனையோ கப்பல் போயிற்று, டயர் வரவில்லை.

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்து மாமா ஒரு நாள் நாலு மிதவை கொண்டுவந்தார். வலையின் மேல்கயிறு கடலில் முங்காமல் இருக்கக் கட்டுவார்களே, அந்த மஞ்சள் மிதவை. வட்டமாக, கனமே இல்லாமல், நடுவில் ஓட்டையோடு இருக்கும். அவற்றைக் கம்பி முனைகளில் செருகி நட்டு போட்டு முடுக்கினார். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக நறுக்கி, வழுக்காமல் இருக்க மிதவையின் மேல் இழுத்து மாட்டினார். கெட்டிக்காரத்தனத்தில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. நல்ல காரியத்துக்கு அதைச் செலவழிக்கமாட்டார், அவ்வளவுதான்.

வண்டி மணலில் குதித்துக் குதித்து ஓடியது. அலை நுரைக்குள் விட்டால் முங்காமல் மிதந்தது. பொட்டப் புள்ளைக்கு எதுக்கு வண்டி என்று கேட்ட பையன்களெல்லாம் ஒரே ஒரு தடவை ரிமோட்டைத் தா என்று என் பின்னால் ஓடி வந்தார்கள். பத்து நாள் அந்தக் கரையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

பதினோராவது நாள், வஞ்சிரம் படுகிறது என்று கேள்விப்பட்டு, மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் மடித்து வைத்திருந்த பெரிய வலையை அப்பா கடலுக்கு எடுத்துப்போனார். மூன்று வீடு சேர்ந்து வாங்கிய வலை. மறுநாள் காலையில் பாதி வலையோடு திரும்பினார்கள். இருட்டில் இறக்கியபோது தெரியவில்லையாம். மீன் பட்டு கனம் ஏறியதும் மேல்கயிறு மிதக்காமல் வலை மொத்தமும் அடியில் இறங்கி, ஏதோ பழைய இரும்பில் மாட்டிக் கிழிந்துவிட்டதாம். கரையில் விரித்துப் பார்த்தார்கள். மிதவையில் பாதிக்கு மேல் காணோம். மீதியிருந்ததை அவிழ்த்துத் தள்ளித் தள்ளிக் கட்டி, இடைவெளி கண்ணில் படாதபடி யாரோ பொறுமையாக வேலை செய்திருந்தார்கள்.

எங்கள் குப்பத்தில் வீடு புகுந்து திருடினவனைக்கூட ஊர் ஒரு நாள் மன்னித்துவிடும். வலையில் கை வைத்தவனை மன்னிக்காது. அவனை யாரும் போட்டில் ஏற்றமாட்டார்கள், அவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள்.

அப்பா கரையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மாமா ஓடி வந்தார். என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் எதிரே குந்தினார்.

“கண்ணு, யாராச்சும் கேட்டாங்கன்னா நான்தான் அறுத்தேன், வண்டிக்கு மாட்ட அறுத்தேன்னு சொல்லிடு. சின்னப் புள்ளைய ஒண்ணும் பண்ணமாட்டாங்கோ. நெஜ டயரு வந்துட்ச்சு, யார்டுல கீது. நீ மட்டும் சொல்லிட்டியானா ஒன் கைக்கு வந்தாப்பலதான்.”

டயர் வந்துவிட்டது என்பதைத் தவிர வேறு எதுவும் என் காதில் ஏறவில்லை.

மூன்று வீட்டு ஆட்களும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் எங்கள் வாசலில் கூடினார்கள். வண்டி அங்கேயேதான் கிடந்தது, மஞ்சள் சக்கரத்தோடு. யாரோ அதைக் காலால் நகர்த்திக் காட்டினார்கள். யாரும் கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்: “நான்தான் அறுத்தேன்.”

அம்மா பாய்ந்து வந்து அறைந்தாள். “வலையிலயாடி கை வெப்ப, கலீஜு புடிச்சவளே!” விழுந்த இடத்தில் தூக்கி நிறுத்தி மறுபடி அறைந்தாள். அடுத்த கேள்வி கேட்க யாருக்கும் நேரமே கொடுக்கவில்லை. அடிக்கும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்பா குந்தி, வலையின் மேல்கயிற்றை எடுத்து ஒரு முடிச்சைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வலை வேலை செய்கிறவர்களுக்கு ஒருவர் போடும் முடிச்சு கையெழுத்து மாதிரி. மிதவையைத் தள்ளிக் கட்டியிருந்த அந்த முடிச்சுகளெல்லாம் இடது கைக்காரர் போட்டவை. எங்கள் குடும்பத்தில் மாமா ஒருவர்தான் இடது கைக்காரர். அப்பா மாமாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற தங்கையைப் பார்த்தார். கயிற்றைக் கீழே போட்டார்.

“சின்னப் புள்ள, தெரியாம பண்ணிட்ச்சு. வலைய நான் கட்டிக் குடுத்துட்றேன்,” என்றார்.

வண்டியில் இருந்த மிதவை நாலு. வலையில் காணாமல் போனது நூற்றுக்கு மேல். அந்தக் கணக்கை வாசலில் நின்ற அத்தனை ஆண்பிள்ளைகளில் ஒருத்தர்கூடப் போடவில்லை. போடத் தெரியாதவர்கள் இல்லை, பழியை என் தலையில் போடுவது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

சாயங்காலம் அத்தை என்னைத் தன் முன்னால் உட்காரவைத்து, வீங்கின கன்னத்தில் எண்ணெய் தடவி, தலை பின்னினாள்.

“நெஜமா சொல்லுடி. நீயா அறுத்த?”

“ஆமா.”

“வண்டியில நாலுதானே கீது. மீதி எங்க?”

“கடல்ல வுட்டேன். மெதக்குதான்னு பாக்க.”

கொஞ்ச நேரம் சீப்பு என் தலைமுடியிலேயே நின்றது.

“மாமா இன்னா சொல்லிக் குடுத்தாரு ஒனக்கு?”

“ஒண்ணும் சொல்லல அத்த.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவள் மறுபடி பின்ன ஆரம்பித்தாள். எவ்வளவு நன்றாகப் பொய் சொல்லிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மறுவாரமே மாமா டயரைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அறிந்து அவர் காப்பாற்றிய ஒரே வாக்கு அது. கன்னங்கரேலென்று, பல் பல்லாக நாலு டயர். அளவெடுத்துச் செய்ததுபோல் கம்பி முனையில் போய் உட்கார்ந்தன. அதில் ஒரு டயரின் மேல் நீலப் பெயிண்ட் காய்ந்திருந்தது. முன்பக்கம் மாட்டியபோது, மட்கார்டில் வழிந்த பெயிண்டும் டயரில் இருந்த பெயிண்டும் ஒரே கோடாகச் சேர்ந்துகொண்டன. எவ்வளவு பொருத்தம் என்று கை தட்டினேன். முதல் நாளே அவர் கழற்றி ஒளித்து வைத்திருந்தார் என்று புரிய எனக்கு ஏழெட்டு வருஷம் ஆயிற்று. எப்போதாவது என்னிடம் ஏதாவது ஆகவேண்டியிருக்கும் என்று கையில் வைத்திருந்திருக்கிறார்.

மிதவையெல்லாம் எண்ணூர்ப் பக்கம் யாருக்கோ விற்றாராம். பிறகு அத்தையின் தாலிச் சங்கிலியை விற்றார், தையல் மெஷினை விற்றார், விற்க ஒன்றும் இல்லாதபோது அடுத்தவர் வீட்டில் கை வைத்தார். இரண்டு தடவை உள்ளே போய் வந்தார். டோல்கேட்டில் பஸ் ஏறிப் புழல் ஜெயிலுக்கு மனுப் போட்டு அவரைப் பார்க்கப் போன நாட்களில் அத்தைக்கு அரை நாள் கூலி போகும். இறால் கம்பெனியில் உரித்து உரித்து அவள் விரல் நுனியெல்லாம் வெந்து கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்திருந்தாள். பையன் வண்டியை அவள் காலடிக்கு ஓட்டிக் காட்டினான். அவள் அதைத் தூக்கி, புது டயரை அந்த விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். “நல்ல டயரு,” என்றாள். அப்புறம் டீ குடித்தாள்.

அன்றைக்குத் தலை பின்னும்போது அவள் வலையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள் இருந்தது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அது என் வாயில்தான் இருந்தது என்பதெல்லாம் ஒன்பது வயதில் எனக்கு எங்கே தெரியும். உண்மை தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர், அப்பாவும் அம்மாவும், அதே வீட்டில் இருந்தார்கள். அவர்களை அவள் கேட்கவில்லை. குழந்தை பொய் சொல்லாது என்று என்னைக் கேட்டாள்.