ஆண் இல்லாத பெட்டியில் நாலு குட்டி

காலையில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே நாலு குட்டிகள் நெளிந்தன. மூடிவிட்டேன். திரும்பத் திறந்தேன். அப்போதும் நாலுதான்.

பிலிமத்தலாவையில் ஹாஜியார் நடத்தும் பாம்பு வளர்ப்பகத்தில் நான் பராமரிப்பாளன். போவாப் பாம்பு முட்டையிடாது, குட்டிதான் போடும். அது எனக்குத் தெரியும். ஆனால் இந்த வானவில் போவா சின்னதிலிருந்தே தனிப் பெட்டியில் வளர்ந்தவள். அரிய இனம். பொருத்தமான ஆண் கேட்டு ஹாஜியார் நாடு நாடாக ஈமெயில் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் இருந்த ஆண் வேறு இன போவா. அதோடு சேர்ந்திருந்தால் குட்டிகள் கலப்பு; இத்தனை வருட வளர்ப்பும் வீண்.

இரண்டு அறைச் சாவியும் என் இடுப்பில்.

ஹாஜியார் வந்து பெட்டியருகே குந்தினார்.

"ஆண் எங்கால வந்த?"

"தெரியாதுங்க."

"சாவி ஒங்கிட்ட தானே ஈக்குது? வானத்துல இருந்து ரெக்கையோட மலக்கு வந்தா தொறந்த?"

இங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். பயம் வந்தால் என் வாய் எனக்கு முன்னால் ஓடும்.

"கழுவுறப்ப நாந்தான் ஞாபகமில்லாம அந்த ஆணை இவ பெட்டில மாத்தி விட்டிருப்பேனோ என்னமோ."

அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் கேட்டாரே என்று ஒரு பதில் கொடுத்தேன்.

"மாசம் முடிய நீ போ, செல்வம். நான் வேற ஆள் பாக்குறன்."

எங்கே போவது? மஹய்யாவவில் இருக்கும் என் வீட்டில் பூட்டுத் தொங்குகிறது, மனைவி குவைத்தில் வேலைக்கு. கல்யாண வீடுகளில் என் பக்கத்துக் கதிரை காலியாகவே இருக்கும். சட்டைக்குள் பாம்போடு வருகிறேன் என்று சனத்துக்கு நினைப்பு. ஒரு தடவை நானே தட்டிப் பார்த்துக்கொண்டேன். நாள் முழுக்க நான் பேசுவது அந்தப் போவாவிடம்தான். பதில் வராது. வந்திருந்தால் பன்வில வரைக்கும் ஓடியிருப்பேன்.

மறுநாள் மிருக வைத்தியர் வந்தார், யாழ்ப்பாணத்துப் பெண்மணி. குட்டிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு காலமாத் தனிய?" என்று கேட்டார்.

"அவ குவைத்துக்குப் போனதிலருந்துங்க, டொக்டர்."

"நான் பாம்பைக் கேட்டனான்."

"அது... பொறந்ததிலருந்தே."

அவர் சிரிக்கவில்லை. அது பெரிய உபகாரம்.

"ஓம், சில போவா ஆணில்லாமலும் குட்டி போடும். அபூர்வம்தான். குட்டியள் தோல் கழட்டினாப் பிறகு அந்தத் தோலை எடுத்து வையுங்கோ, மரபணு பாப்பம். முடிவு வாற வரைக்கும் நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ."

கதைக்காமல் இருந்தேன். அதுதான் அந்த மாதத்தின் பாரமான வேலை. குட்டிகளை ஆளுக்கொரு பெட்டியில் பிரித்து வைத்தேன். வேலை நிற்குமா போகுமா என்று நாலு பெட்டியிடமும் தனித்தனியாகக் கேட்டேன். நாலும் தாயைப் போலவே.

முடிவு வந்தது: தகப்பன் என்று ஒருவன் இல்லை. நாலும் முழுக்கத் தாயிலிருந்தே வந்தவை. ஹாஜியார் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தார்.

"செய்யாத வேலைய ஏண்டா செஞ்சன்டு சொன்ன?"

"பயத்துலங்க."

"நில்லு. போகத் தேவல்ல. நாலுக்கும் பேர் வை."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெட்டிக்குள் புரியாத ஏதாவது நடந்தால், தெரியாது என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பயத்தில் காரணம் கண்டுபிடித்துக் கொடுக்காதீர்கள். பாம்பு உங்களுக்காகச் சாட்சி சொல்ல வராது.

அன்று மாலை குவைத்துக்கு அழைத்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆம்பளயே இல்லாம குட்டியா? அப்ப நீங்க அங்க எதுக்கு?"

"தண்ணி மாத்த," என்றேன்.