எவ்லினுக்குப் போட்டதையே எனக்கும்

2003ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறு கழிந்து வந்த சனிக்கிழமை, எவ்லின் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரை விட்டுப் போனாள். அவளுடைய புருசன் கொட்வின் வாடகை வானுக்குள் சோபாவை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அதை மேல்மாடி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் புஷ்பமலர். இரண்டு பெண்களும் பத்து வருசத்துக்கு மேலாக ஒரே மாடிக்கட்டடத்தில் குடியிருந்தவர்கள். ஒரே முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட காலத்தில் ஒன்றாக அழுதவர்கள். இப்போது எவ்லின் டோர்ட்மண்டில் சொந்த வீட்டுக்குப் போகிறாள். கீழே தாங்கள் இருந்துகொண்டு மேல்தட்டை வாடகைக்கு விடப்போகிறார்களாம்.

“அக்கா, கட்டாயம் வந்து போகவேணும், என்ன?” என்று எவ்லின் கட்டிப்பிடித்து அழுதாள்.

“ஓம், ஓம், வாறன்.”

புஷ்பமலருக்கும் கண்ணீர் வந்தது. அதில் பாதி பிரிவுக்கு வந்தது. மற்றப் பாதி அந்த மேல்தட்டுக்கு.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆணித் தொழிற்சாலையில் வேலை செய்த தன் புருசன் ஸ்ரனிஸ்லாசை அரித்தெடுத்து, 2005இல் வங்கிக் கடனோடு அதே நகரின் பார்மன் பகுதியில் ஒரு மாடிவீட்டை வாங்கவைத்தாள். எட்டுக் குடும்பங்கள் இருக்கிற கட்டடத்தில் மூன்றாம் தட்டு. கடனைக் கட்ட வாடகை வேண்டியிருந்தது. அதனால் தாங்கள் பழைய வாடகை வீட்டிலேயே இருந்துகொண்டு புது வீட்டை வாடகைக்கு விட்டார்கள்.

“வாடகை வீட்டிலை இருந்துகொண்டு வாடகைக்கு வீடு குடுக்கிற சீமான் நான்தான்” என்று ஸ்ரனிஸ்லாஸ் கோயில் வாசலில் சொல்லிச் சிரித்தான். புஷ்பமலர் சிரிக்கவில்லை. அவள் வீட்டுக்காரியாகிவிட்டாள், அது போதும்.

இந்த நாட்டில் குடியிருக்க வருகிறவர்கள் அனேகமாகக் குசினியையும், அதாவது சமையலறை அலுமாரி, மேற்பலகை எல்லாவற்றையும், தாங்களே கொண்டுவருவார்கள். எவ்லினின் மேல்தட்டிலும் வெறும் சுவர்தான். ஆகவே புஷ்பமலர் தன் மாடிவீட்டுக்கு வெள்ளை வெளேரென்று ஒரு குசினி கட்டுவித்தாள். தள்ளினால் சத்தமில்லாமல் மூடுகிற இழுப்பு லாச்சிகள், கருங்கல் போன்ற மேற்பலகை. சாவி கொடுப்பதற்கு முன் அதைத் துடைத்துத் துடைத்தே ஒரு பின்னேரத்தைக் கழித்தாள்.

பிறகு காப்புறுதி. அந்தப் பக்கத்துத் தமிழர்களில் பாதிப்பேருக்கு அதைப் போட்டுக்கொடுத்தவர் செல்வரட்ணம். ஞாயிறு பூசை முடிந்ததும் தோல்பையோடு வீடு வீடாகப் போவார். யாரும் எதையும் வாசிப்பதில்லை. மற்றவருக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டுக் கையெழுத்து வைப்பதுதான் வழக்கம்.

“எவ்லினுக்குப் போட்டதையே எனக்கும் போடுங்கோ அண்ணை. ஒண்டும் குறையக்கூடாது.”

“தங்கச்சி, அவவின்ரை தனிவீடு. உங்கடை ஒரு தட்டு. கட்டடத்துக்கு எல்லாச் சொந்தக்காரரும் சேர்ந்து ஏற்கெனவே காப்புறுதி...”

“அப்ப அவவின்ரை வீடு, என்ரை வெறும் தட்டு எண்டுறியளோ?”

செல்வரட்ணம் பேனாவின் மூடியைக் கழற்றி, எவ்லினுக்குப் போட்ட அதே கட்டடக் காப்புறுதியை எழுதினார். போகும்போது படியில் நின்று இன்னொன்றும் சொன்னார். “குடியிருக்க வாற ஆக்களிட்டை ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் காப்புறுதி இருக்கோ எண்டு கேளுங்கோ. அவையளாலை மற்றவைக்கு வாற சேதத்துக்கு அதுதான் காசு குடுக்கும்.”

“எவ்லின் கேட்டவவோ?”

“அவ விட்டது ஜெர்மன்காரருக்கு. அவையள் நாய்க்கும் போட்டு வைச்சிருப்பினம்.”

“அவ கேக்கேல்லையெண்டால் நானும் கேக்கேல்லை.”

குடிவந்தவர்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்த சேகரும் அவன் மனைவி ரமாவும். சேகருக்குக் கம்ப்யூட்டர் வேலை. நல்ல பிள்ளைகள்.

2007 தை மாதம் பெரும்புயல் அடித்தது. மறுநாளே எவ்லினின் தொலைபேசி. “அக்கா, ஓடெல்லாம் பறந்திட்டுது!” அடுத்த மாதம் இன்னொன்று. “காப்புறுதிக்காரர் அரைக்கூரையைப் புதுசாப் போட்டுத் தந்திட்டினம். சிவப்பு ஓடு, மினுங்குது!” புஷ்பமலர் ரிசீவரை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். ஒரே புயல், ஒரே காப்புறுதி. அவளுக்கு மட்டும் ஒன்றும் பறக்கவில்லை.

“எங்களுக்குக் கூரையே இல்லையப்பா, பிறகென்னத்தை உமக்குப் புயல் கொண்டுபோறது?” என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

வெயில் தொடங்கிய நேரம் சேகர் கூப்பிட்டான். “ஆன்ட்டி, ஒரு சின்ன ப்ராப்ளம். நாங்க ஷாப்பிங் போயிருந்தோம். வாஷிங் மெஷின் ட்யூப் கழண்டு கிச்சன் ஃபுல்லா தண்ணி. கீழ்வீட்டு சீலிங்ல ஒழுகுதாம்.”

கோயிலில் குருவிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல முடியாத ஒரு சந்தோசம் புஷ்பமலரின் நெஞ்சில் எழும்பியது. இனி தன்னுடைய முறை. செல்வரட்ணத்தையும் கூட்டிக்கொண்டு, ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடுகிற அந்த ஊர்த் தொங்கு ரயிலில் போனாள்.

குசினி ஊறிப்போய் நின்றது. அலுமாரிகளின் கால்மாடு தண்ணீரில் ஊறிய பாண்துண்டைப்போல உப்பி, வெள்ளைத்தோல் உரிந்திருந்தது.

“நிலத்துக்கும் கீழ்வீட்டுச் சீலிங்குக்கும் பிரச்சினையில்லை” என்றார் செல்வரட்ணம். “கட்டடத்தின்ரை பொதுக் காப்புறுதி பாக்கும்.”

“என்ரை காப்புறுதி?”

“அதுவும் கட்டடத்துக்குத்தான், தங்கச்சி. ஒரே சேதத்துக்கு ரெண்டு பேர் தரமாட்டினம்.”

“அப்ப குசினி?”

“குசினி கட்டடமில்லை. வீட்டுச் சாமான். அதுக்கு நீங்கள் ஒண்டும் போடேல்லை.” அவர் சேகரைப் பார்த்தார். “தம்பி, ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட்?”

“ஆஃபீஸ்ல ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு சார்.”

“குசினிக்குக் காய்ச்சல் எண்டால் பாக்கலாம்” என்றான் பின்னால் வந்து சேர்ந்த ஸ்ரனிஸ்லாஸ். ரமா சுவரோடு ஒட்டி நின்று அழத் தொடங்கினாள்.

எவ்லினுக்குப் புதுக் கூரை. தனக்கு உப்பிய பலகை. வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டியதும் புஷ்பமலர் ஸ்ரனிஸ்லாசிடம் சொன்னாள். “இது எவ்லினுக்குத் தெரியக்கூடாது.”

வெள்ளைக் குசினி குப்பை லொறியில் போனது. சேகர் தன்னால் ஏலுமானதைக் கொடுத்தான். மிச்சத்தைத் தாங்கள் போட்டுச் சாதாரணக் குசினி ஒன்று வாங்கினார்கள்.

அந்த ஆவணி, கேவ்லார் என்ற ஊரில் நடக்கிற மாதா திருவிழாவில் புஷ்பமலர் எவ்லினைக் கண்டாள். “அக்கா, உங்கடை குசினியைப் பாக்க ஒருநாள் வரவேணும்.”

“வாருமன்” என்றவள், பொறுக்கமாட்டாமல் கேட்டாள். “நீர் வீட்டுக்கு என்னென்ன காப்புறுதி போட்டிருக்கிறீர்?”

எவ்லின் சிரித்தாள். “எனக்கென்ன தெரியும் அக்கா? அதெல்லாம் இவர் பாக்கிறவர்.”

கூரையை விட அந்தச் சிரிப்புத்தான் புஷ்பமலரைக் கூடுதலாகச் சுட்டது. ஒன்றுமே அறியாமல் ஒருத்திக்கு எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. மெழுகுதிரி கொளுத்தும்போது என்ன மன்றாடினாள் என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு செல்வரட்ணத்தை மேசையில் இருத்தி ஒவ்வொன்றாகக் கேட்டாள். தேவையில்லாத கட்டடக் காப்புறுதியை நிறுத்தினாள். குசினிக்கு ஒன்று, வீட்டாலே பிறருக்கு ஏதும் நடந்தால் சொந்தக்காரி கொடுக்கவேண்டிய காசுக்கு ஒன்று போட்டாள். சேகரையும் ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் எடுக்கவைத்தாள். பிறகு வந்த குடித்தனக்காரர் அதைக் காட்டாமல் சாவி வாங்க முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, வீடு வாங்குகிற சனம் கையெழுத்து வைக்கமுதல் அவளைக் கேட்கத் தொடங்கியது. எவ்லினைப் பற்றி இரண்டு கிழமை நினைக்காமலும் இருக்க முடிந்தது.

2009 கார்த்திகையில், முதியோர் இல்லத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசியில் செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்:

“அக்கா, நாங்கள் தையோடை லண்டன் போறம். பிள்ளையளின்ரை இங்கிலிஸ் படிப்புக்கு. வீட்டை விக்கேல்லை, ரெண்டு தட்டையும் வாடகைக்கு விடுறம். இந்த அலுவலெல்லாம் உங்களுக்குத்தான் வடிவாத் தெரியுமெண்டு செல்வரட்ணம் அண்ணை சொன்னவர். வீட்டுத் திறப்பை உங்களிட்டைத் தந்திட்டுப் போகட்டோ, வாடகை ஆக்களை நீங்கள் பாத்துக்கொள்ளுவியளோ?”