எட்டாம் நாளில் திறந்த போத்தல்

தம்பியின் எட்டுச் செலவன்று, ஒஸ்லோ நகரின் பியோர்ண்டாலில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், வாழையிலைக்குப் பக்கத்தில் அந்த வைன் போத்தல் மூடியபடியே நின்றது. இறந்தவர் விரும்பி உண்டதையும் குடித்ததையும் எட்டாம் நாள் படைப்பது எங்கள் வழக்கம். மீன்குழம்பு, முட்டைப்பொரியல், ஒரு பெட்டி சிகரெட் எல்லாம் வந்துவிட்டன. வைனைத் திறக்கத்தான் என் கை எழவில்லை. தம்பி எனக்குக் கொண்டுவந்தவற்றில் எஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

சுவிட்சர்லாந்துக்கு அகதியாகப் போன அவன், ஆயிரம் மீற்றருக்கு மேலே, மலைச்சரிவில் கல்லடுக்கிக் கட்டிய திராட்சைத் தோட்டமொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அந்தப் பள்ளத்தாக்குக்கு வெளியே பெயர்கூடத் தெரியாத வெள்ளைத் திராட்சை அங்கே தலைமுறைகளாக விளைந்தது. தோட்டக்காரர் ஒரு வரிசையை அவன் பொறுப்பில் விட்டார். யாழ்ப்பாணத்தில் பந்தலிட்டுத் திராட்சை வளர்த்த குடும்பம் நாங்கள். குலையை வெயிலிலிருந்து காப்பதே எங்களுக்குத் தெரிந்த விவசாயம். அவன் ஓர் இலையையும் கிள்ளாமல் குலைகளுக்கு நிழல் கொடுத்தான். அந்த மலையிலோ, கிடைக்கும் கொஞ்ச வெயிலும் பழத்தில் படுவதற்காக இலைகளைக் களைய வேண்டும். அவன் வரிசை மட்டும் பழுக்கவில்லை. தோட்டக்காரர் ஏசவில்லை. அதைத் தனியே பிழிந்து, தனியே நொதிக்கவைத்து, போத்தல்களை அவனிடமே கொடுத்துவிட்டார். பின்னாளில் நல்ல வைன் அவன் கையால் எவ்வளவோ உருவானது; எனக்கு அவன் கொண்டுவந்தது இதை மட்டுமே.

நோர்வேயின் நடுநிலையில் இலங்கைச் சமாதானப் பேச்சு நடந்த ஆண்டுகளில், கோடைதோறும் ஒரு போத்தலோடு ஒஸ்லோவுக்கு வருவான்.

"குடிச்சுப் பாருங்கோ அண்ணை. பௌதிகம் படிப்பிச்ச நாக்குக்கு என்ன தெரியுது?"

"புளியங்காய்."

"ஓம், நிழலிலை வளந்த பிள்ளையெல்லே. உங்களைப் போலை."

சமையலறையிலிருந்து என் மனைவி சிரிப்பது கேட்கும்.

முந்தின வாரம்தான், அறுவடை முடிந்த மறுநாள், தோட்டத்துக் கற்படியில் அவன் இதயம் நின்றுவிட்டது. அங்கேயே தகனம் செய்துவிட்டுத் திரும்பினேன்.

போத்தலை மீண்டும் அலமாரியில் வைக்க எழுந்தபோது, மனைவி என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, அவன் குடிக்கத்தானே வைக்கிறம்? மூடி வைச்சால் எப்பிடிக் குடிக்கிறது?"

திறந்தேன். தம்ளர் நிறைய வார்த்தேன். படைத்தபின், இறந்தவர் வந்து உண்பதற்காக, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். உறவினர்கள் மாடிப்படியில் நின்று தணிந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இத்தகைய நம்பிக்கைகளை ஆயுள் முழுவதும் மறுத்துவந்த நான், சாத்திய கதவில் காதை வைத்து நின்றேன்.