ஆரியசாலை வீட்டில் இருந்த சர்வர்

டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெரிய கருப்புப் பெட்டி அது. ஆரியசாலையில் ஒரு மிளகாய் வற்றல் மொத்தக்கடைக்கு மேலே, எங்கள் டீம் லீட் குடியிருந்த மாடி வீட்டில், ஃபிரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருந்தது. கீழே மூட்டை பிரித்தால் மாடியில் எல்லோரும் தும்முவோம். முதன்முதலாக அதைக் காட்டியபோது, "இதுதான் நம்ம இடம், கேட்டியா? இனி நம்மள ஒருத்தரும் இறக்கிவிட முடியாது" என்றார் அவர். அலுவலகத்தில்தான் லீட், வெளியே எனக்கு அக்கா. அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து ஹோட்டல் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அக்கா படித்ததெல்லாம் மலையாளத்தில். பேசும் தமிழில் பாதி அதுவாகவே இருக்கும்.

அந்தப் பெட்டி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கழக்கூட்டத்து ஹாஸ்டல்களில் தங்கி ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்த்த தமிழ்ப் பெண்கள் நாங்கள், ஒரு பெரிய சமூக வலைதளத்தில் குழு வைத்திருந்தோம். எந்த ஹாஸ்டலில் தண்ணீர் வராது, எந்த வார்டன் கதவைத் தட்டாமல் உள்ளே வருவார், எந்த மேலாளரின் அறைக்குத் தனியாகப் போகக்கூடாது என்றெல்லாம் அங்கேதான் எழுதிக்கொள்வோம். ஒருநாள் காலை குழுவையே காணவில்லை. விதிகளை மீறியதால் நீக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. எந்த விதி என்று கேட்க மனிதர் யாரும் இல்லை. முறையிட்டால், முடிவு இறுதியானது என்று இயந்திரம் பதில் அனுப்பியது. இருந்த இடம் தெரியாமல் துடைத்துவிட்டார்களே என்று நாங்கள் திகைத்து நின்றபோதுதான் அக்கா சொந்த சர்வர் என்ற பேச்சை எடுத்தார்.

"மெயில் மாதிரிதான் மோளே. உன்னோடது ஒரு கம்பெனி, என்னோடது வேற கம்பெனி. ஆனாலும் எழுதிக்கிறோம் அல்லே? அதுபோல நமக்குன்னு ஒரு சர்வர். வேற ஊர்ல இருக்கிற சர்வர்களோட இதுவும் பேசிக்கும். மொத்தத்துக்கும் முதலாளின்னு ஒருத்தன் கிடையாது."

அமைத்துக் கொடுத்தவர் அக்காவின் கணவர். சாலை பஜார் கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவர். நாங்கள் போகும்போதெல்லாம் பழம்பொரி வாங்கி வந்து, சூடு ஆறும்முன் சாப்பிடச் சொல்வார். அவரை எங்கள் எல்லோருக்கும் பிடிக்கும்.

எனக்கு அப்போது நாகர்கோவிலில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானோ நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்வதென்று தீர்மானித்திருந்தேன். இதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் சர்வரில் சேர்ந்திருந்த கல்லூரித் தோழி ஒருத்திக்குத் தனிச்செய்தியாக எழுதினேன். அவ்வளவுதான்.

கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா ஃபோன் செய்தாள். எடுத்த எடுப்பில், "யாருட்டி அந்த நெய்யாற்றின்கரைப் பையன்?" என்றாள்.

கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அந்த ஊர்ப்பெயரை நான் எழுதியது ஒரே இடத்தில்தான். "யாரும்மா சொன்னா?" என்று கேட்டேன். சாலை பஜாருக்குச் சரக்கெடுக்க வரும் பெரியப்பாவிடம் அங்கே யாரோ சொன்னார்களாம். என் தோழிக்குப் பெரியப்பாவையும் தெரியாது, சாலையில் யாரையும் தெரியாது.

கை கழுவிவிட்டு நேரே அக்காவின் மேசைக்குப் போனேன். "ஏய், அது எப்படி? இருக்காது" என்று முதலில் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே வடிந்தது. சர்வரின் பாஸ்வேர்ட் இரண்டே பேரிடம்தான் இருந்தது. ஆட்டோ பிடித்து ஆரியசாலைக்குப் போனோம்.

அக்காவின் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இவளோட மெசேஜ் வாசிச்சீங்களா?" என்று நின்றபடியே கேட்டார் அக்கா.

மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் தயிரைப் பிசைந்தபடி, "வாசிச்சேன். அதுக்கென்ன? நம்ம பிள்ளை அல்லே. நாளைக்கு ஒரு பிரச்னைன்னா நம்ம வீட்டு சர்வரைத்தான் சொல்லுவாங்க. நல்லதுக்குத்தான் பெரியப்பாட்ட ஒரு வார்த்தை சொன்னேன்" என்றார்.

"மத்தவங்களோடதும்?" என்றார் அக்கா.

"சிலது."

எங்கள் குழுவைத் துடைத்தெறிந்த கம்பெனிக்கு எங்கள் முகம் தெரியாது. இவருக்கோ எங்கள் ஒவ்வொருவர் பெயரும் தெரியும், யார் எதற்கு அழுகிறோம் என்றும் தெரியும். தெரிந்துகொண்டே பழம்பொரி நீட்டியிருக்கிறார்.

அக்கா பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். பாஸ்வேர்டை மாற்றினால் போதும், வெளியே தெரியவேண்டாம் என்று நானே சொல்லிப்பார்த்தேன். "அவங்க அறியாமலா? அது சரியாவாது" என்று மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாக அழைக்க ஆரம்பித்தார். "உங்க தனிச்செய்திகளை என் வீட்டுக்காரர் வாசிச்சிருக்கார். குத்தம் என்னோடதுதான். பூட்டில்லாத வீட்டுல உங்களக் குடிவெச்சிட்டேன்." தமிழிலும் மலையாளத்திலும் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சிலர் பேசாமல் வைத்துவிட்டார்கள். ஒருத்தி திட்டியது எனக்கே கேட்டது. அக்கா குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

அதன்பின் சில வாரங்கள் எங்கள் ஹாஸ்டலில்தான் இருந்தார். பெட்டியும் கூடவே வந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றினார். அனுப்புகிறவளின் ஃபோனிலேயே செய்தி பூட்டப்படும், பெறுகிறவளின் ஃபோனில் மட்டுமே திறக்கும், நடுவில் இருக்கும் சர்வருக்குப் புரியாத எழுத்துக் குவியல்தான் மிஞ்சும். "இனி என்னை யாரும் நம்ப வேண்டாம். நம்பாமலே நடக்கணும்" என்றார். பாதிப்பேர் திரும்பி வரவேயில்லை. அக்கா பிறகு கணவரிடம் திரும்பிப் போனார், பெட்டி போகவில்லை. அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று நான் கேட்டதில்லை. அந்த மனிதர் இன்றும் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார்.

நான் நினைத்தவரையே கல்யாணம் செய்துகொண்டேன். பெரியப்பா வரவில்லை, அம்மா வந்தாள். வேறெதிலும் எனக்கு நம்பிக்கை வராததால் அவளையும் இந்த சர்வரில் சேர்த்துவிட்டேன். எழுத வராது, குரலாக அனுப்புவாள். சாப்பிட்டாயா, மழையா, குழந்தைக்குச் சளி விட்டதா. சென்ற வருஷம் அம்மா போய்விட்டாள். அவளுடைய ஃபோனை அண்ணன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு யாருக்கோ கொடுத்துவிட்டான்.

போன மாதம் சங்குமுகம் கடற்கரையில் என் ஃபோன் அலையோடு போய்விட்டது. புது ஃபோனில் நுழைந்து பார்த்தால் அம்மாவின் பெயர் இருந்தது. கீழே ஒன்றுமில்லை. செய்திகளைத் திறக்கும் சாவி ஃபோனில்தான் இருக்கும், அதை வேறெங்காவது சேமித்துவை என்று அக்கா பலமுறை சொல்லியிருந்தார். பிறகு பார்க்கலாம் என்றே விட்டிருந்தேன். பதறிப்போய் அவரை அழைத்தேன்.

"சர்வர்ல கெடக்கு மோளே. பக்ஷே திறக்க முடியாது."

"நீங்க பார்த்தா கூடவா, அக்கா?"

"என்னாலயும் முடியாது. யாராலயும் முடியாது."

ஃபோனில் அவர் விசும்புவது கேட்டது. நான் அழவில்லை. அம்மாவின் குரல் இனி இல்லை என்பது எனக்கு உறைக்க நேரம் பிடித்தது. ஆனால் அக்கா சொன்னதை, ஒரு துளி சந்தேகமில்லாமல், அந்தக் கணமே நம்பினேன்.