பச்சையம்மாள் போடாத கையெழுத்து

“அக்கா பூட்டாங்க சார். நெஞ்சுவலி.” ஆரணியிலிருந்து பச்சையம்மாளின் தம்பி தொலைபேசியில் சொன்னது அவ்வளவுதான். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சூரியனுக்குள் நடக்கும் அணு இணைவை ஓர் உலைக்குள் நடத்த உலகமே பாடுபடுகிறது. அந்த உலையைச் சூடேற்ற மைக்ரோவேவ் அலைகளைப் பாய்ச்ச வேண்டும். அலை நுழையும் வாயிலில் இருக்கும் செப்புப் பாளம் உருகாதிருக்க, அதன் உடம்புக்குள்ளேயே தண்ணீர் ஓடும். அந்தப் பாளத்தை எங்கள் நிறுவனத்தில் நானும் அவரும் சேர்ந்து வடிவமைத்தோம். சோதித்துச் சான்று தருவது அவர் பொறுப்பு. பட்டு நெய்யும் வீட்டில் பிறந்தவர்தான்; ஆனால் தறியைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை, தண்ணீர் போகும் வழியைப் பற்றிப் பேசாத நாளில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் வரைந்திருந்த ஒரு கூர்வளைவில் விரலை வைத்தார். “இங்க தண்ணி தேங்கும்ங்க. தேங்கினா அந்த எடம் வெந்துபூடும்.” ஒரு வாரம் வாதாடிவிட்டு வளைவை அழித்தேன். அவர் சொன்னதே சரி.

மூன்று மாதம் முன்பு பாளம் தயாரானது. குளிர்ந்த நிலையில் கசிவில்லை, வாங்குகிறவர்களுக்கு அனுப்பிவிடலாம் என்றார் மேலாளர். பச்சையம்மாள் விடவில்லை. சூடாக்கி, ஆறவைத்து, திரும்பத் திரும்பச் சூடாக்கினார். கசிவைக் கண்டுபிடிக்க உள்ளே செலுத்திய ஹீலியம் வாயு, பற்றவைத்த ஓர் இணைப்பில் கசிந்தது. கொஞ்சம்தான். மீட்டர் கோளாறு என்று அடித்துச் சொன்னார் மேலாளர்.

“அடுப்புல ஏத்தப்போற பாத்திரத்த குழாயடியில பாத்துட்டு நல்லா கீதுன்றீங்களே சார்! நான் கையெழுத்து போடமாட்டேன்.”

மறுநாளே அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். சான்றிதழ் என் மேஜைக்கு வந்தது. “ஜல்தியா போடுங்க” என்றார் மேலாளர். போட்டேன். பயம், வேறு காரணமில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் பச்சையம்மாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். “உங்க மேல கோவமாத்தான் கீதுங்க. அத்த விடுங்க. பாளத்த வச்ச பெட்டி இன்னும் இங்கதான கீது? நிறுத்திடலாம்.” நான் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதன்பிறகு பெட்டியை ஏற்றிப்போக வேண்டிய கப்பல் தள்ளிப்போனபோதும் நான் வாய் திறக்கவில்லை.

நேற்று ஆரணியில், துக்கத்துக்காகத் தறிகளை நிறுத்தியிருந்த தெருவில், மேலாளர் மாலை போட்டுவிட்டுக் கூட்டத்திடம் சொன்னார்: “எதுக்குமே மாட்டேன்னு சொன்னதில்லீங்க அவங்க.” “பொய்! மாட்டேன்னு சொன்னாங்க. கையெழுத்து போட்டவன் நான்” என்று கத்தினேன். பச்சையம்மாளின் தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பச்சையம்மாள், இன்று காலை என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். உங்கள் சோதனை அறிக்கையைப் பாளத்தை வாங்குகிறவர்களுக்கே நேரடியாக அனுப்பிவிட்டேன். கப்பலுக்குப் போகவிருந்த பெட்டியை இறக்கி வைத்துவிட்டார்கள். இதற்கு எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நீங்கள் இருக்கும்போதே செய்திருக்கலாம். என்னை மன்னித்துவிடாமல் போய் வாருங்கள்.